கால்தினி வீடு – 14: எட்டாவது பொத்தான்

போர்வைச் சோதனையில் தோற்றதிலிருந்து அபூ கஸ்வான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

மகள் ரிஹாப் செய்தது சின்ன வேலைதான். இத்தாலியக் கால்தினி கீபோர்டு ஒன்றையும் ஜப்பானிய ஹிராத்தோ ஒன்றையும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் போர்வையால் மூடினாள். அப்பாவைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னாள். அண்ணன் கஸ்வான் போர்வைக்குள் கையை விட்டு ஒரே மெட்டை இரண்டிலும் வாசித்தான். முப்பது வருஷமாகக் கால்தினியைத் தவிர வேறு கீபோர்டைத் தொடாத மனிதர், இர்பித் ஊரே "கால்தினி வீடு" என்று வழி சொல்லும் வீட்டுக்காரர், கண்ணை மூடித் தலையை ஆட்டி, "மூச்சு இருக்கு பாரு, இதுதான் நம்மது" என்று கைகாட்டினார். போர்வையை எடுத்தால் ஹிராத்தோ. கடைக்காரர் சிரித்திருக்க வேண்டாம். சிரித்துவிட்டார்.

ஆக, ஹிராத்தோ வீட்டுக்கு வந்தது. அபூ கஸ்வான் அதன் பக்கம் திரும்பவில்லை. கால்தினிக் கம்பெனி என்றோ கொடுத்த நீலத் தொப்பியை மட்டும் வீட்டுக்குள்ளும் கழற்றாமல் திரிந்தார்.

இந்த வெள்ளிக்கிழமை காலையிலும் தொப்பியோடுதான் கூடத்துக்கு வந்தார். அன்றைய கல்யாணத்துக்கான பதிவுகளை ரிஹாப் புதுக் கீபோர்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன எடை இது? தலையணை மாதிரி இருக்கு. மேடையில வெச்சா காத்துல போயிடும்."

"பழசு என்ன எடைன்னு அண்ணனோட இடுப்பைக் கேளுங்கப்பா."

"கனம் இருந்தாத்தான் வாத்தியம். இல்லாட்டி பொம்மை."

"அந்த வாத்தியம்தான் ஹுஸ்ன் ஊர்க் கல்யாணத்துல நடுப்பாட்டுல செத்துப்போச்சு. மாப்பிள்ளை தூக்கின காலைக் கீழ வைக்கத் தெரியாம நின்னான்."

"சாகல. மயங்கிச்சு."

"வருஷத்துக்கு எத்தனை மயக்கம்? உதிரி பாகம் கேட்டா, கம்பெனியே அதைச் செய்யறதை நிறுத்திடுச்சாம்."

அபூ கஸ்வான் காப்பியை ஒரு மிடறு உறிஞ்சினார். கேள்வியை மாற்றினார்.

"கால் சுரம்? பாடறவன் திடீர்னு ராகத்தை மாத்தினா, அவன் மூச்சு வாங்கறதுக்குள்ள சுரத்தைக் கால் பங்கு இறக்கணும். கால்தினியில இடது கைக்கு நேரா பொத்தான் இருக்கும்."

"இதுலயும் இடது பக்கம்தான். போதாததுக்கு ராகத்துக்கு ஒன்னா சேமிச்சு வெச்சுக்கலாம். ஒரே தட்டு."

"மிஜ்விஸ் ஓசை? ரெண்டு நாணலைச் சேர்த்துக் கட்டி ஊதற மாதிரி இருக்கணும். தகரக் குழாய் மாதிரி இருக்கக்கூடாது."

"நீங்கதானே சொன்னீங்க, மூச்சு இருக்குன்னு."

தொப்பியைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு அந்த இடம் இன்னும் ஆறவில்லை.

"சரி. எல்லாமே நல்லாத்தான் இருக்கு. குறைன்னு ஒன்னாவது இருக்குமே? வித்தவன் சொல்ல மாட்டான். நீ சொல்லு."

ரிஹாபுக்கு ஒரு குறை தெரியும். கால் மணி நேரத்துக்கு முன்னால்தான் தெரிந்தது. அவள் கை அதற்கு மேலேயே இருந்தது.

கல்யாண மேடையில் கீபோர்டுக்காரன் வாசித்தால் மட்டும் போதாது. வந்திருக்கும் குலத்தாரை, பெரியவர்களைப் பெயர் சொல்லி வாழ்த்த வேண்டும். பெயர் விட்டுப்போனால் நாற்காலி பறக்கும். அதனால் வாழ்த்துகளை அபூ கஸ்வானின் இடிக்குரலில் முன்னதாகவே பதிந்து, கீபோர்டின் வலது ஓரத்தில் உள்ள எட்டு ரப்பர் பொத்தான்களில் ஏற்றிவிடுவார்கள். ஏழில் வாழ்த்து. எட்டாவது காலி. காலி என்றால் வீண் என்று நினைக்க வேண்டாம். காலிப் பொத்தானைத் தட்டினால் ஓடுகிற தாளம், குழல் எல்லாம் பட்டென்று அடங்கிவிடும். தொழுகை அழைப்பு கேட்டாலோ, பெரியவர் யாராவது கையைத் தூக்கினாலோ, கஸ்வானின் சுண்டுவிரல் தானாக எட்டாவதுக்குப் போகும். பையனாக இருந்தபோது படிந்த பழக்கம்.

கால்தினியில் ஒரு கல்யாணத்துப் பதிவை ஏற்றினால் முந்தைய கல்யாணத்து வாழ்த்துகள் எட்டும் துடைத்துக்கொண்டு போய்விடும். ஹிராத்தோ அப்படித் துடைப்பதில்லை. புதிதாக ஏழு வந்தால் அந்த ஏழு பொத்தான்களை மட்டும் மாற்றும். போன வியாழக்கிழமை கல்யாணத்தில் கடைசி நேரத்தில் ஒரு வாழ்த்துக் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லி, அதை எட்டாவதில் ஏற்ற வேண்டி வந்தது. இப்போது எட்டாவதின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அந்த வாழ்த்து உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம்.

அழிக்க வழி இருக்கும். ஆனால் எங்கே என்று புத்தகத்தைப் புரட்ட வேண்டும். அப்பா எதிரில் புரட்டினால், "பார்த்தியா, என் கால்தினி இப்படிப் பண்ணுமா?" என்பார். ஊர் முழுக்கச் சொல்வார். தொப்பி இன்னும் ஒரு வருஷம் தலையில் இருக்கும்.

"குறைன்னு ஒன்னும் இல்லப்பா" என்றாள் ரிஹாப். பெட்டியை மூடினாள்.

"உன் பேச்சை நம்பறேன்" என்றார் அவர், நிஜமாகவே. அவளுக்கு வெட்கமாக இருந்தது. கம்பெனிமேல் அப்பாவுக்கு இருப்பது குருட்டுப் பாசம் என்று அத்தனை நாள் கேலி செய்தவள், ஒரு மாதம்கூட ஆகாத பெட்டிக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள்.

வெளியே கஸ்வான் வண்டியின் ஹாரனை அழுத்தினான்.

*

வண்டி ஊரைத் தாண்டியதும் முதல் வேலையாக அண்ணனிடம் சொல்லிவிட்டாள். அவனிடம் மறைக்க என்ன இருக்கிறது?

"எட்டாவதுல என்ன இருக்கு?" என்றான்.

"போன வியாழக்கிழமை வாழ்த்து."

கஸ்வான் வண்டியை ஓரம் கட்டிவிட்டான். முகம் வெளுத்துப்போயிற்று.

காரணம் இருந்தது. அவர்கள் போய்க்கொண்டிருந்தது தல் ரும்மான் கிராமத்துக்கு, தவாகிர் குலத்தார் வீட்டுக் கல்யாணத்துக்கு. போன வியாழக்கிழமை வாசித்தது ஸல்ஹூம் குலத்தார் வீட்டில்.

இரண்டு குலமும் ஒரே கிராமம்தான். போன வருஷம் தண்ணீர் லாரித் தகராறு ஒன்றில் ஸல்ஹூம் வீட்டுப் பஸ்ஸாம் சுட்டதில் தவாகிர் வீட்டு யஸன் செத்தான். பஸ்ஸாம் ஓடிவிட்டான். மறுநாளே ஸல்ஹூம் குலம் மொத்தமும், கைக்குழந்தை உட்பட, வீடுகளைப் பூட்டிக்கொண்டு கிழக்கே பாலைவன ஓரத்துக்குக் குடிபோனது. நடுவர்கள் வந்து பேசி, பழிவாங்கலுக்குத் தவணை வாங்கித் தந்தார்கள். அதற்காக ஸல்ஹூம் பெரியவர்கள் ஒரு சத்தியம் செய்தார்கள்: பஸ்ஸாம் நாட்டை விட்டே போய்விட்டான், எங்களில் எவரும் அவனுக்கு ஒருவாய்ச் சோறு போட மாட்டோம். அந்தச் சத்தியம் நிற்கும்வரை தவாகிர் ஆட்கள் துப்பாக்கியைத் தொட மாட்டார்கள். சத்தியம் பொய்யானால் என்ன ஆகும் என்று இரண்டு பக்கத்திலும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இன்றைய மாப்பிள்ளை யஸனின் தம்பி ஹைதம். துக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நடக்கும் முதல் நல்ல காரியம்.

"அங்க போய் வாசிச்சோம்னு தெரிஞ்சாலே பிரச்சினை" என்றான் கஸ்வான். "இதுல அந்த வாழ்த்து வேற உள்ள இருக்கா? இப்பவே அழி."

"அதுக்கு மின்சாரம் வேணும், அண்ணா. அங்க போய் மேடையில வெச்சதும் அழிக்கறேன்."

"மறந்துடாதே."

"நீயும் மறந்துடாதே. எட்டாவதைத் தொடக்கூடாது."

"தொட மாட்டேன். யாராவது கேட்டா, போன வியாழக்கிழமை ஜெரஷ்ல வாசிச்சோம். சரியா?"

"சரி."

மீதி வழி முழுக்க அவன் பேசவில்லை. அந்த வியாழனிலிருந்தே அவன் அப்படித்தான் இருந்தான். சாப்பாட்டில் கை வைப்பான், எழுந்துவிடுவான். கேட்டால் வயிறு சரியில்லை என்பான்.

*

போய்ச் சேர்ந்தபோது பந்தல் நிறைந்திருந்தது. விருந்து முடிந்து, பெரிய தாம்பாளங்களைப் பையன்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணிகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஆண்கள் கூடிவிட்ட பந்தலில் ஒரு பெண் மேடை ஏறி, கீபோர்டில் அழிக்கும் வழியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

"சீக்கிரம், சீக்கிரம், மாப்பிள்ளை குளிச்சாச்சு" என்று யாரோ பெட்டியை வாங்கிக்கொண்டார்கள்.

"அண்ணா, ஒரு நிமிஷம் என்கிட்ட வாங்கிக் குடு" என்றாள் ரிஹாப்.

"எங்கம்மா நேரம்?" என்றான் பெட்டியை வாங்கியவன். "பொம்பளைங்க எல்லாம் மாடியில இருக்காங்க. நீ மேல போ."

கஸ்வான் திரும்பி அவளைப் பார்த்தான். 'தொட மாட்டேன்' என்பதுபோல் தலையசைத்தான். பெட்டிக்குப் பின்னாலேயே கூட்டத்தில் மறைந்தான்.

மாடியில் மாப்பிள்ளையின் தாய்தான் அவளை எதிர்கொண்டார். மூத்த மகன் பெயரால் உம்மு யஸன் என்றுதான் அவரை ஊர் கூப்பிடும். மகன் போன பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கறுப்புத் துணியில் சிவப்புப் பூவேலை செய்த உடை உடுத்தியிருந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு கறுப்பில் நிறம்.

"வாடி கால்தினி வீட்டுப் பொண்ணு! இப்ப அப்படிக் கூப்பிடலாமா கூடாதா? வேற கம்பெனிக்கு மாறிட்டீங்களாமே?"

"பொட்டி மாறினா என்ன சின்னம்மா, வாசிக்கறது அதே கைதானே."

"உங்க அப்பா எப்படி ஒத்துக்கிட்டார்? கால்தினியைக் குறை சொன்னாங்கன்னு என் கொழுந்தன் கல்யாணத்துல சாப்பிடாம எழுந்து போனவராச்சே!"

பெண்கள் சிரித்தார்கள். உம்மு யஸன் அவளைத் தன் பக்கத்தில், மாடிச் சுவரை ஒட்டி உட்கார வைத்தார். தட்டில் குனாஃபா இனிப்பு வந்தது. தானே ஒரு துண்டை வெட்டி அவள் வாயில் வைத்தார். வெல்லப்பாகு மாதிரி இனித்தது.

கீழே வாசிப்பு தொடங்கியது. ஹிராத்தோவின் தாளம் நெஞ்சில் வந்து அடித்தது. அது நல்ல கீபோர்டுதான், சந்தேகமே இல்லை. இளைஞர்கள் தோளோடு தோள் சேர்த்து வரிசை கட்டி ஆடினார்கள். முன்னால் போனவன் ஜெபமாலையைச் சுழற்றினான். "அப்பாவை மாத்தினாலும் மாத்துவீங்க, கம்பெனியை மாத்த மாட்டீங்கன்னு நெனச்சோம்டா!" என்று மேடையைப் பார்த்து ஒருவன் கத்த, கஸ்வான் சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினான்.

ரிஹாப் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அண்ணனின் வலது கைச் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் பொத்தான். "தவாகிர் குலத்துச் சிங்கங்களுக்கு ஆயிரம் ஸலாம்!" அப்பாவின் குரல் பந்தலை நிறைத்தது. பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது. எல்லாம் சரியாகப் போயிற்று.

ஒரு பாட்டு முடிகிற இடத்தில் சுண்டுவிரல் எட்டாவதுக்கு நீண்டது. ரிஹாப் எழுந்து நின்றுவிட்டாள். விரல் நடுவில் நின்று, மடங்கித் திரும்பியது. கஸ்வான் தாளப் பொத்தானை அழுத்தித் தாளத்தை நிறுத்தினான்.

"என்னடி, தேள் கொட்டிச்சா?" என்றார் உம்மு யஸன்.

"இல்ல சின்னம்மா, நல்லா தெரியல, அதான்."

இன்னொரு முறையும் அப்படியே நீண்டது, திரும்பியது. ஒரு துண்டுப் பசைநாடாவை ஒட்டியிருந்தால் போதுமே என்று இப்போதுதான் தோன்றியது. காலையில் அப்பாவிடம் சொல்லியிருந்தால் அவர் முதலில் அதைத்தான் செய்திருப்பார். கேலியும் செய்திருப்பார். செய்துவிட்டுப் போகட்டுமே!

அப்போது ஹாஜி முத்லக் எழுந்தார். தவாகிர் குலத்துப் பெரியவர் அவர். எழுவதற்கே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மாப்பிள்ளையைக் குதிரையில் ஏற்றுவதற்கு முன்னால், செத்துப்போன யஸனுக்காக ஒரு பாத்திஹா ஓத வேண்டும் என்று அவர் முன்கூட்டி யாரிடமும் சொல்லவில்லை. சட்டென்று இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

ஆடியவர்கள் நின்றார்கள். பந்தல் முழுக்கக் கைகள் உயர்ந்தன. மாடியில் உம்மு யஸன் கண்ணை மூடி, உள்ளங்கைகளை விரித்தார்.

கஸ்வானின் சுண்டுவிரல் எட்டாவதைத் தட்டியது.

"ஸல்ஹூம் குலத்துச் சிங்கங்களுக்கு ஆயிரம் ஸலாம்! மாப்பிள்ளைக்குத் தோள் கொடுக்கும் அண்ணன் பஸ்ஸாம் வாழ்க! அவன் கை ஓங்குக!"

உயர்ந்த கைகள் உயர்ந்தபடியே இருந்தன.

அவசரத்தில் ஏற்றிய அந்த வாழ்த்து ஒருமுறை சொல்லிவிட்டு ஓய்வதாகவும் இல்லை. நிறுத்தும்வரை திரும்பத் திரும்பச் சொல்லும். "பஸ்ஸாம் வாழ்க! அவன் கை ஓங்குக!" என்றது இன்னொரு முறை. கஸ்வான் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தினான். "அவன் கை ஓங்குக!" கடைசியில் குனிந்து மின்கம்பியையே பிடுங்கினான்.

உம்மு யஸனின் விரித்த கைகள் மெல்ல மூடிக்கொண்டன.

*

முதல் நாற்காலி மேடைமேல் விழுந்தபோது ரிஹாபின் பையில் ஃபோன் அடித்தது. அப்பா. கல்யாணத்தை யாரோ நேரலையில் விட்டிருந்தார்கள். அவர் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் குரல்தானே அது?"

"அப்பா, நான் காலையில உங்ககிட்ட..."

"அதெல்லாம் அப்புறம். ஸல்ஹூம்காரங்க ஃபோன்ல பேர் சொன்னாங்க, நான் பேசி அனுப்பினேன். எங்கயோ இருக்கறவனுக்கும் வாழ்த்துச் சொல்றது வழக்கம்தானேன்னு நெனச்சேன். என் குரல், என் தப்பு. நான் கிளம்பிட்டேன்."

"வராதீங்கப்பா. தயவுசெஞ்சு வராதீங்க."

அவர் பக்கம் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்தது.

கீழே இளைஞர்கள் மேடையைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் கஸ்வானின் சட்டையைப் பிடித்திருந்தான். "கை ஓங்கணுமாடா அவன் கை? யார் காசு குடுத்தா உனக்கு?" ஹாஜி முத்லக் தடியால் தரையைத் தட்டினார். "விடுங்கடா! கேக்க வேண்டியதை முதல்ல கேக்கணும்." அவர் குரல் பெரிதாக இல்லை. ஆனாலும் பிடித்த கை விட்டது.

மாடியில் ரிஹாபின் மணிக்கட்டை உம்மு யஸன் பிடித்தார். முரட்டுத்தனமாக இல்லை. கூட்டிக்கொண்டு போகிற மாதிரிதான் பிடித்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மற்ற பெண்கள் காதில் விழாத இடத்துக்கு இழுத்துப் போனார்.

"அவங்க வீட்டுல வாசிச்சிருக்கீங்க."

"ஆமா சின்னம்மா. தப்புத்தான். வயித்துப்பொழைப்பு..."

"அதை விடு. அதுக்கு நான் கோவப்பட மாட்டேன். நீயும் போயிருந்தியா?"

"போயிருந்தேன். பொம்பளைங்க பக்கம் இருந்தேன்."

உம்மு யஸன் உடுப்புக்குள்ளிருந்து ஃபோனை எடுத்தார். விரல் நேராக ஒரு படத்துக்குப் போயிற்று. பலமுறை போன பழக்கம் அந்த விரலுக்கு.

"போலீஸ் குடுத்த படம். தினமும் பார்க்கறேன். எங்கயாவது எதிர்ல வந்தா அடையாளம் தெரியாம போயிடக்கூடாதுன்னு. இவனை அங்க பார்த்தியா?"

ரிஹாப் பார்த்தாள். பஸ்ஸாமை அவளுக்குத் தெரியாது. இர்பித்தில் இருப்பவளுக்கு இந்தக் கிராமத்து முகங்கள் எங்கே தெரியும்? ஆனால் அந்த முகத்தைத் தெரிந்தது. அந்த வியாழக்கிழமை, சமையல் கூடாரத்தின் பின்பக்கம், பெண்களின் கறுப்பு அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவன் நின்றபடி சாப்பிட்டான். அந்த ஸல்ஹூம் மாப்பிள்ளையின் தாய் சோற்றை உருட்டி அவன் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டிக்கொண்டே அழுதாள். அவனுக்கு விக்கல் எடுத்தது. "தங்கச்சி, கொஞ்சம் தண்ணி" என்று அவன் கேட்டபோது, குவளையை எடுத்துக் கொடுத்தவள் ரிஹாப்தான். ஊரிலிருந்து வந்த யாரோ உறவுக்காரன் என்று நினைத்தாள்.

படத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"சொல்லுடி. பார்த்தியா?"

"இல்ல சின்னம்மா."

"நல்லா பாரு."

"பார்க்கல. அங்க இந்த ஆள் இல்ல."

"அல்லாஹ் மேல ஆணையா?"

கீழே யாரோ கண்ணாடியை உடைத்தார்கள். ரிஹாப் அந்தத் தாயின் கண்ணைப் பார்த்தாள். அங்கே கோபம் இருக்கும் என்று நினைத்தாள். கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

"அல்லாஹ் மேல ஆணையா" என்றாள் ரிஹாப்.

உம்மு யஸன் தொட்டியின் மேல் சாய்ந்துவிட்டார். மூச்சை விட்டார். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. ரிஹாபின் நெற்றியில் முத்தமிட்டார்.

"உனக்கு ஒன்னும் தெரியாது பொண்ணே. அவன் இங்கதான் இருக்கான்னு ஒரு வார்த்தை வந்தா, அடுத்தது யார் போகணும்? செத்தவனோட தம்பிதானே? கல்யாணச் சட்டையோடவே போவான். ஒருத்தனை மண்ணுக்குக் குடுத்தாச்சு, இன்னொருத்தனை ஜெயிலுக்குக் குடுக்கணுமா? அங்கயும் நாலு பேர் துப்பாக்கியோடதான் இருப்பாங்க. இல்லன்னு சொன்னியே. என் ஹைதமை எனக்குத் திருப்பிக் குடுத்துட்ட."

அவளை இழுத்துக்கொண்டே மாடிச் சுவருக்கு ஓடினார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

கீழே பந்தலில் இப்போது சத்தம் இல்லை. மாப்பிள்ளை ஹைதம், பொன் கரை போட்ட மேலங்கி தோளில் சரிய, மேடைக்கு முன்னால் நின்றான். யாரோ மின்கம்பியைத் திரும்பச் செருகியிருந்தார்கள். ஒலிபெருக்கி லேசாக இரைந்தது. கஸ்வானின் உதட்டில் ரத்தம். அவனுடைய கை ஹாஜி முத்லக் நீட்டிய குர்ஆன் மேல் இருந்தது.

"ஹைதம்!" என்று உம்மு யஸன் குனிந்து கூப்பிட்டார். "மகனே, கேளு! அவன் அங்க இல்லையாம்! இந்தப் பொண்ணு சத்தியம் பண்ணிட்டா..."

ஒலிபெருக்கி முந்திக்கொண்டது. பாட்டுக்கென்று கீபோர்டில் செருகியிருந்த மைக், பெரியவரின் கேள்வியைப் பந்தல் முழுக்கக் கொண்டுபோயிற்று.

"குலத்துக்கு வந்த அவமானம் அப்புறம். வேதத்து மேல கை வெச்சு ஒன்னு மட்டும் சொல்லுப்பா. அவன் அங்க இருந்தானா?"

ரிஹாப் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அண்ணா, இல்லன்னு சொல்லு. ஒரு வார்த்தைதான்.

கஸ்வான் தலையைத் தூக்கவில்லை. ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் தவித்த மனிதன் அவன். அடி வாங்கிய வாயால் மெதுவாகத்தான் பேசினான். ஹிராத்தோ அதையும் தெளிவாகவே சொன்னது.

"இருந்தான் ஹாஜியார். என் பக்கத்துலதான் நின்னான். பொத்தானை நான் அழுத்தினப்ப, அவனே கையைத் தூக்கி ஆடினான்."

ஹைதம் மேலங்கியைக் கழற்றினான். அவசரப்படவில்லை. மடித்து மாப்பிள்ளை நாற்காலியில் வைத்தான். பந்தலுக்கு வெளியே நின்ற வண்டிகளை நோக்கி நடந்தான். அவனுக்குப் பின்னால் ஒருவர், இருவர் என்று ஆண்கள் எழுந்தார்கள்.

"ஹைதம்! டேய் ஹைதம்!" என்று கத்தினார் உம்மு யஸன். அவன் திரும்பவில்லை.

ரிஹாபின் மணிக்கட்டை மட்டும் அவர் விடவே இல்லை.